கடல் கடந்தால் லட்சம் பத்தாயிரம்

2015 ஜூலை. அப்போதைய மலேசியப் பிரதமர் நஜிப்பின் வங்கிக் கணக்குகளுக்குக் கிட்டத்தட்ட 70 கோடி அமெரிக்க டாலர் போனதாக ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ செய்தி வெளியிட்டிருந்தது. நம் பணத்தில் 2.6 பில்லியன் ரிங்கிட், நம் பேச்சில் வெள்ளி. கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளேட்டில் நான் அப்போது துணையாசிரியர். பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் அவசரத்தில் தலைப்பில் ‘26 கோடி வெள்ளி’ என்று போட்டுவிட்டேன். மெய்ப்புப் பார்க்கிற அண்ணன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, மிச்சம் 234 கோடியை எங்கப்பா ஒளிச்சு வச்ச?”

அன்றிரவே ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டேன். ஒரு மில்லியன், பத்து லட்சம். ஒரு பில்லியன், நூறு கோடி. ஒரு டிரில்லியன், லட்சம் கோடி. வேலையை விட்டு வரும்வரை அந்தத் தாள் அங்கேதான் இருந்தது. 2018இல் ஆட்சி மாறி, நாட்டின் கடன் ஒரு டிரில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிவிட்டது என்று புதிய அரசாங்கம் அறிவித்தபோது கை நடுங்காமல் ‘ஒரு லட்சம் கோடி’ என்று தட்டினேன்.

இந்தத் தடுமாற்றம் எனக்கு மட்டும் உரியதல்ல. இங்கே பெரிய எண்ணைச் சொல்லப் பல வழிகள் ஒரே தெருவில் புழங்குகின்றன. தமிழ்ப்பள்ளிக் கணிதப் புத்தகத்தைத் திறந்தால் பத்தாயிரத்துக்கு அடுத்தது நூறாயிரம், அதற்கு மேலே மில்லியன். லட்சத்துக்கு அங்கே இடமில்லை. காற்புள்ளியும் கிடையாது, மூன்று மூன்று இலக்கமாக இடைவெளி விட்டு 1 000 000 என்று எழுதப் பழக்குகிறார்கள். ‘நூறாயிரம்’ ஏதோ மொழிபெயர்ப்புக்காரர்கள் உட்கார்ந்து ஒட்டவைத்த சொல் என்று பல காலம் ஏளனமாக நினைத்திருந்தேன். பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டிலேயே அந்தச் சொல் இருக்கிறது என்று தெரிந்த நாளில் வாயை மூடிக்கொண்டேன். 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். 2009இல் அந்த முடிவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். இடையில் படித்த பிள்ளைகளிடம் லட்சமும் இல்லை, நூறாயிரமும் இல்லை. அவர்களுக்கு எல்லாம் ‘ஹண்ட்ரட் கே’தான். கோடி மட்டும் தப்பித்தது. ரஜினி படத்தின் வசூல் பேச அது வேண்டியிருக்கிறதே.

மலாய்க்காரர்களின் எண்களைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. வடமொழி ‘லக்ஷ’ நமக்கு நூறாயிரம். அதே சொல் கப்பலேறி இந்தப் பக்கம் வந்து ‘லக்சா’ ஆனபோது அதன் மதிப்பு பத்தாயிரம். கமுஸ் டேவான் அகராதியைப் புரட்டினால் ‘செலக்சா’ என்பதற்கு இன்றும் அந்தப் பொருள்தான். நம் கோடி ‘கெத்தி’யாகிப் பழைய மலாயில் நூறாயிரமாகச் சுருங்கிவிட்டது, நூற்றில் ஒரு பங்கு! ஆனால் பத்தாயிரத்தைக் குறித்த ‘அயுத’ வழியில் வந்த ‘ஜூத்தா’ மட்டும் வீங்கிப்போய்ப் பத்து லட்சமாக உட்கார்ந்திருக்கிறது. சுருங்கிய இரண்டும் வழக்கொழிந்தன. வீங்கியதுதான் இன்று வங்கியிலும் பட்ஜெட்டிலும் ஓடுகிறது. பிரிக்பீல்ட்ஸில் யாரிடமாவது லக்சா என்று கேட்டுப் பாருங்கள், மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று வழி சொல்வார்கள்.

நமக்கும் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. தாமரை, ஆம்பல், குவளை, வெள்ளம் எல்லாம் ஒரு காலத்தில் தமிழில் பேரெண்களின் பெயர்கள். பரிபாடலில் வரிசையாக வருகின்றன. இன்று ஆம்பல் குளத்தோடு சரி.

பில்லியன் என்றால் நூறு கோடி என்பதும் இங்கே முந்தாநாள் ஏற்பாடுதான். பழைய பிரிட்டிஷ் கணக்கில் ஒரு பில்லியன் என்பது மில்லியன் மில்லியன், அதாவது லட்சம் கோடி. 1974 டிசம்பரில்தான் பிரதமர் ஹெரால்ட் வில்சன், இனி அரசாங்கம் பில்லியன் என்றால் ஆயிரம் மில்லியன் என்றே கொள்ளும் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். மலாயா அவர்கள் கையை விட்டுப் போய் அதற்குள் பதினேழு ஆண்டு. டச்சுக்காரர்களிடம் இருந்த இந்தோனேசியா அதே தொகையை ‘மிலியார்’ என்கிறது, நாம் ‘பிலியோன்’ என்கிறோம். நீரிணைக்கு இருபுறமும் ஒரே மொழி, எண்ணில் மட்டும் இரண்டு எஜமானர்களின் தடம்.

நான் கடைசிவரை சரிசெய்ய முடியாத சொல் ஒன்று உண்டு. ‘ஜூத்தாவான்’. பத்து லட்சம் வைத்திருப்பவர். லட்சாதிபதி என்று எழுதினால் அவரைத் தாழ்த்தியதாகிறது. கோடீஸ்வரர் என்றால் பத்து மடங்கு தூக்கிவிட்டதாகிறது. தொழிலதிபர்கள் யாரும் திருத்தம் கேட்டு வரவில்லை என்பதால் கோடீஸ்வரர் என்றே எழுதிவந்தேன்.

சென்ற ஆண்டு கிள்ளானில், ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் பின்புறம் இருந்த வீட்டை விற்க என் அத்தை முடிவு செய்தார். வந்த தரகர் ஹொக்கியன் சீனர். கூட வந்தவரிடம் ‘லாக் சாப் பான்’ என்றார். சீனருக்கு அடிப்படை பத்தாயிரம், ஆக அறுபது பத்தாயிரம். அத்தை பக்கம் திரும்பி மலாயில் ‘எனாம் ராத்துஸ் ரிபு’, அறுநூறு ஆயிரம். அத்தை மகள் கைப்பேசியில் ‘600கே’ என்று தட்டி அண்ணனுக்கு அனுப்பினாள். அத்தை மட்டும் சோபாவில் சாய்ந்தபடி “ஆறு லட்சமா, சரிதான்” என்றார்.

அன்று மாலை மதுரையிலிருந்து சித்தப்பா மகன் பேசினான். எவ்வளவுக்குப் போச்சு அத்தை என்று கேட்டான். ஆறு லட்சம் என்றதும் அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை.

“என்னத்த, ஏமாத்திட்டாங்களா? ஆறு லட்சத்துக்கு இங்க ஒரு நல்ல காருகூட வாங்க முடியாதே!”

“வெள்ளிடா, வெள்ளி!” என்று கத்திவிட்டு, போனை என்னிடம் கொடுத்தார். “இவனுக்குக் கோடியில சொல்லு, எனக்கு இருபதாலப் பெருக்க வராது.”