ஆசிரியர் தகைமையும் சம்பளப் படிநிலையும்: மலையகத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

உயர்பட்டம் பெற்ற ஆசிரியருக்கு உயர்ந்த சம்பளம் வழங்கப்படல் வேண்டும் என்னுங் கோட்பாடு பலராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகும். எனினும், அக்கோட்பாடு நடைமுறையில் எவ்வாறு பணமாக மாறுகின்றது என்பதும், றொசல்ல போன்றதோர் இடத்திற் கற்பிக்கும் ஆசிரியருக்கு அது எத்துணை எட்டக்கூடியது என்பதும் வேறு வினாக்கள்.

இலங்கை ஆசிரியர் சேவையிற் பட்டத்தின் பயன் வகுப்பு, தரம் என்பவற்றினூடாகவே வந்தடைகின்றது. 1994ஆம் ஆண்டின் சேவைப் பிரமாணக் குறிப்பும், அதன் இடத்துக்கு வந்த 2014ஆம் ஆண்டின் பிரமாணக் குறிப்பும் இவ்வடிப்படையிலேயே அமைந்தன. கல்வியியற் கல்லூரி டிப்ளோமாவுடன் வருபவரை விடப் பட்டதாரி மேலான படியிலும், பட்டத்தோடு பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் உடையவர் அதனினும் மேலாக 2-II தரத்திலும் அமர்த்தப்படுகின்றனர். வருடாந்தச் சம்பள ஏற்றங்கள் அவ்விடத்திலிருந்தே தொடங்குவதால், ஆரம்பத்தில் ஏற்பட்ட இடைவெளி ஆண்டுதோறும் தொடர்ந்து, இறுதிச் சம்பளத்தைக் கொண்டு கணிக்கப்படும் ஓய்வூதியம் வரையுஞ் செல்கின்றது. எனவே, ஒரு பட்டம் இரண்டாண்டு முன்னர் கிடைப்பதும் பின்னர் கிடைப்பதும் சிறிய வேறுபாடன்று.

மலையகத்தில் இவ்வேணியே பிந்தித்தான் வந்து சேர்ந்தது. தோட்டப் பாடசாலை நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பில் இருந்தது. ஆசிரியரும் அந்நிருவாகத்தின் கீழேயே பணிபுரிந்தார். ஒரே அறையில் ஓராசிரியர் எல்லா வகுப்புகளையும் நடத்திய அக்காலத்திற் பட்டம் பற்றிய பேச்சுக்கே இடமிருக்கவில்லை. 1977இல் அரசு இப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே தோட்ட ஆசிரியர் அரச சேவையின் சம்பளத் திட்டத்துக்குள் வந்தார். 1992இல் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தொடங்கியமை அடுத்த முக்கிய படியாகும்.

ஆயினும், 2014ஆம் ஆண்டளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்களைச் சேர்க்கத் தீர்மானிக்கப்பட்டபோது, அவர்கள் சேவைக்கு வெளியேயே நிறுத்தப்பட்டனர். உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்த இளைஞர்களாகிய இவர்களுக்கு மாதம் 6,000 ரூபா வழங்கப்பட்டது. பின்னர் அது 10,000 ரூபாவாகியது. பயிற்சியையோ பட்டத்தையோ பெற்ற பின்னரே சேவையிற் சேரலாம் என்பது ஏற்பாடு. தகைமைக்கேற்ற சம்பளம் என்னுங் கொள்கை இங்கு அதன் கடுமையான வடிவத்தைக் காட்டுகின்றது. வகுப்பறைப் பொறுப்பு முழுமையானது. ஊதியமோ தகைமை வரும்வரை காத்திருக்கின்றது. அத்தகைமையைத் தேடும் பயணச் செலவும் புத்தகச் செலவும் அந்த 6,000 ரூபாவிலிருந்தே வரவேண்டும். இதனை நியாயமெனக் கூறுதல் எளிதன்று.

பட்டம் கற்பித்தலை மேம்படுத்துகின்றதா என ஐயுறுவோரும் உளர். ஐக்கிய அமெரிக்காவில் 1921இல் டென்வர், டெமொயின் நகரங்கள் தொடக்கப்பாடசாலை ஆசிரியரையும் உயர்பாடசாலை ஆசிரியரையும் ஒரே அட்டவணையிற் கொண்டுவந்து, கல்வித் தகைமையையும் சேவைக்காலத்தையும் அளவுகோலாக்கின. முதுமாணிப் பட்டத்துக்கும் மாணவர் அடைவுக்குமிடையே பெருந்தொடர்பில்லை எனப் பிற்கால ஆய்வுகள் பல கூறின. தமிழ்நாட்டிலும் உயர்கல்விக்கென வழங்கப்பட்ட ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆனால், அமெரிக்க ஆய்வுகள் முதற்பட்டமுடைய ஆசிரியரை முதுமாணியோடு ஒப்பிட்டவை. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தமிழ் மொழிமூல ஆசிரியரைத் தேடியலையும் தோட்டப் பாடசாலையின் நிலை அதுவன்று. அம்முடிவுகளை இங்கு அப்படியே பொருத்துதல் தவறாகும்.

உண்மையான இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. பட்டம் பெற்ற ஆசிரியரின் தரமும் அடிப்படைச் சம்பளமும் அவருடனேயே செல்வன. வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடைப்பட்ட றொசல்லவிற் கற்பித்தாலும் கண்டி நகரிற் கற்பித்தாலும் அவை ஒன்றே. நகரத்தில் மேற்படிப்பு வசதியும் பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலையும் உண்டு. ஆகவே, தகைமை கூடக்கூட இடமாற்ற விண்ணப்பமும் எழுதப்படுகின்றது. தோட்டப் பாடசாலையில் ஆற்றிய சேவைக்காலத்தையும் தரவுயர்வுக்குச் சிறப்பாகக் கணித்தால் இப்போக்குத் தணியலாம் என்பது எமது கருத்து.

2021 ஜூலையில் தொடங்கிய ஆசிரியர், அதிபர் போராட்டம் சம்பள முரண்பாட்டைப் பொதுவாக எழுப்பியது. சுபோதினி குழு பரிந்துரைத்த அதிகரிப்பின் மூன்றிலொரு பங்கு 2022 ஜனவரி முதல் வழங்கப்பட்டது. அது எல்லோருக்கும் பொதுவான சம்பளத்தை உயர்த்தியதேயன்றி, தகைமைக்கான பாதையைக் குறுக்கவில்லை.