கடலில் நீச்சல், ரோட்டில் சைக்கிள், பிறகு ஓட்டம்! எத்தனை கிலோ மீட்டர்? சம்சாரத்தைக் கேட்டு முடிவு செய்யுங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை 4 மணி. படுக்கையில் கணவரைக் காணோம். சைக்கிளையும் காணோம்.

போலீசுக்கு ஓட வேண்டாம். ஆசாமி பத்திரமாக இருக்கிறார். ஊருக்கு வெளியே சைக்கிள் மிதித்துக்கொண்டு இருக்கிறார். மத்தியானம் பசியோடு வருவார். சாப்பிட்டதும் தூங்கிவிடுவார்.

"டிரையத்லான்" பந்தயத்துக்குப் பேர் கொடுத்தவர் வீட்டில் இதுதான் நிலவரம். அமெரிக்காவில் இந்த வீட்டுப் பெண்களுக்கு "அயர்ன்மேன் விதவைகள்" என்றே கேலிப் பெயர் உண்டு. புருஷன் உயிரோடுதான் இருக்கிறான். வீட்டில்தான் இல்லை!

பந்தய விவரம் வருமாறு:-

முதலில் கடலிலோ ஏரியிலோ நீச்சல். கரை ஏறியதும் ஈரத்தோடு சைக்கிள். இறங்கியதும் ஓட்டம். நடுவே ஓய்வு கிடையாது. உடை மாற்றும் நேரமும் கணக்கில் சேரும்.

4 வகை தூரம்

ஸ்பிரிண்ட்: நீச்சல் 750 மீட்டர், சைக்கிள் 20 கிலோ மீட்டர், ஓட்டம் 5 கிலோ மீட்டர்.

ஒலிம்பிக்: இதைப்போல் இரு மடங்கு. 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சேர்ந்தது.

அரை அயர்ன்மேன்: 1.9, 90, 21.1 கிலோ மீட்டர். 2019-ல் கோவாவிலும் நடந்தது.

முழு அயர்ன்மேன்: 3.8, 180, 42.2 கிலோ மீட்டர். பல ஊர்களில் 17 மணி நேரம் கெடு!

பீர் குடித்து ஓடினார்

இந்த முழு தூரம் எப்படி வந்தது?

ஹவாய் தீவில் ஒரு வாக்குவாதம். நீந்துகிறவன் கெட்டிக்காரனா, ஓடுகிறவனா, சைக்கிள்காரனா? கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் ஒரு வழி சொன்னார். அங்கே நடந்துவந்த 3 பந்தயங்களையும் ஒரே நாளில் வைத்துவிடலாம் என்றார்.

1978-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி 15 பேர் இறங்கினார்கள். 12 பேர் முடித்தார்கள். டாக்சி ஓட்டிய கோர்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடத்தில் முதலில் வந்தார். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோனது. பீர் குடித்துக்கொண்டே ஓடினார்!

ஆக, இது வாக்குவாதத்துக்குப் பிறந்த தூரம். ஆபீஸ் போகிற, பிள்ளை குட்டி உள்ள ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அல்ல.

மணிக்கணக்கு

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் 56. வேலையும் பஸ் பயணமும் 60 என்று வையுங்கள். மிச்சம் 52.

ஸ்பிரிண்டுக்கு வாரம் 5 மணி பயிற்சி போதும். ஒலிம்பிக்குக்கு 7, 8. அரை தூரத்துக்கு 10. முழு தூரத்துக்கு 15-ஐத் தாண்டும். நீச்சல் குளம் போய் வருவது, அசந்து தூங்குவது எல்லாம் தனி. ரேஷனும், பிள்ளையின் ஹோம்வொர்க்கும், மாமியார் ஆஸ்பத்திரியும் யார் தலையில்?

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஸ்பிரிண்டே லாயக்கு. பரீட்சை மாதத்தில் பந்தயம் வேண்டாம். சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி வீட்டுக்குள்ளேயே மிதிக்கலாம். கடலில் தனியாக இறங்கக் கூடாது. இருட்டில் சைக்கிளுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம்.

சமைத்துப் போட்ட கணவர்

ஆம்பிளைகள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சுவிட்சர்லாந்தின் நிக்கோலா ஸ்பிரிக் 2012 லண்டனில் தங்கம் வாங்கினார். அடுத்த வருஷம் குழந்தை பெற்றார். 2016 ரியோவில் வெள்ளி வாங்கினார்.

ரியோவில் அவரை முந்தித் தங்கம் வாங்கியவர் அமெரிக்காவின் க்வென் ஜோர்கன்சன். அவரது கணவரும் சைக்கிள் பந்தய வீரர்தான். மனைவிக்காகத் தன் பந்தயத்தை விட்டுவிட்டுச் சமையலறையில் நின்றார். நம்ம ஊர் வீட்டுக்காரர்கள் கவனிக்க!

சரி, பிள்ளைகள் வளரும்வரை முழு தூரத்தைத் தள்ளிப்போட்டால் வயசாகிவிடாதா?

ஜப்பானின் ஹிரோமு இனாடா முதன்முதலில் டிரையத்லானில் இறங்கியதே 70 வயதில்தான். 2018-ல் ஹவாயில் முழு அயர்ன்மேனை முடித்தார். அப்போது அவருக்கு வயது 85!