ஆராய்ச்சியில் நேர்மை

கடையில் பொருள் வாங்கும்போது தராசின் முள்ளைப் பார்க்கிறோம். எடைக்கல்லில் முத்திரை உண்டா என்றும் பார்க்கிறோம். ஆனால், ஒரு விஞ்ஞானி தம் கட்டுரையில் தரும் அளவுகளை எவ்வாறு சரிபார்ப்பது? அவர் சோதனை செய்தபோது நாம் உடன் இருக்கவில்லை. அவர் ‘கண்டேன்’ என்கிறார், நாம் நம்புகிறோம். ஆராய்ச்சி உலகம் முழுவதும் இந்த நம்பிக்கையின்மீதே நிற்கிறது. அந்த நம்பிக்கைக்குக் காவலாக இருப்பது எது? உண்மையில் நடந்த நிகழ்ச்சி ஒன்று இதனைத் தெளிவாக்கும்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுக்கூடம் உலகப் புகழ் பெற்றது. 1947-இல் டிரான்சிஸ்டர் பிறந்த இடம் அது. 1990-களின் இறுதியில் யான் ஹென்ட்ரிக் ஷோன் என்ற ஜெர்மானிய இளைஞர் அங்கே பணியில் சேர்ந்தார். கரிமப் பொருள்களை மீக்கடத்திகளாக மாற்றியதாகவும், மூலக்கூறுகளைக் கொண்டே டிரான்சிஸ்டர் அமைத்ததாகவும் அவர் அறிவித்தார். 2001-ஆம் ஆண்டில் சராசரியாக எட்டு நாட்களுக்கு ஒரு கட்டுரை அவர் பெயரைத் தாங்கி வந்தது. ‘நேச்சர்’, ‘சயன்ஸ்’ போன்ற தலைசிறந்த இதழ்கள் அவற்றை வெளியிட்டன. பரிசுகளும் குவிந்தன.

2002-இல் வேறு ஆய்வாளர்கள் சிலர் ஒரு விந்தையைக் கவனித்தனர். எந்தக் கருவியால் அளந்தாலும், அளவுக் கோட்டில் நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் தோன்றும். இவற்றை ‘இரைச்சல்’ என்பர். இரு நாட்கள் பெய்த மழையின் துளிகள் முற்றத்தில் ஒரே இடங்களில் விழுவதில்லை அல்லவா? அதுபோல, இரு சோதனைகளின் இரைச்சலும் ஒன்றாக இராது. ஆனால், வெவ்வேறு வெப்பநிலைகளில் செய்ததாக ஷோன் கூறிய சோதனைகளில் அது அணுவளவும் பிசகாமல் ஒத்திருந்தது.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மால்கம் பீஸ்லி தலைமையில் ஒரு குழு விசாரித்தது. சோதனைக் குறிப்பேடுகளைக் குழு கேட்டது. அவை முறையாக எழுதப்படவே இல்லை. கணிப்பொறியில் இருந்த மூல அளவுகள், இடம் போதாமையால் அழிக்கப்பட்டனவாம். சோதித்த பொருள்களும் பழுதடைந்தோ எறியப்பட்டோ போயினவாம். ஆராய்ந்த 24 குற்றச்சாட்டுகளில் 16 மெய்ப்பட்டன என்று குழு 2002 செப்டம்பரில் அறிவித்தது. ஷோன் பணியிலிருந்து நீக்கப்பட்டார். இதழ்கள் அவருடைய கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகம் தான் வழங்கிய டாக்டர் பட்டத்தை 2004-இல் பறித்தது. அதன்மேல் எழுந்த வழக்கும் 2014-இல் பல்கலைக்கழகத்தின் பக்கமே முடிந்தது.

இதனால் விளைந்த தீங்கு ஒருவரோடு நிற்கவில்லை. பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் அவருடைய முடிவுகளை மீண்டும் பெற முயன்று தோற்றன. புகழ்பெற்றவர் கண்ட முடிவு தன் கையில் கிட்டாதபோது, இளம் மாணவன் முதலில் ஐயுறுவது தன் திறமையைத்தான். பொய்யான ஓர் அளவு, நேர்மையாக உழைப்பவனின் ஆண்டுகளைத் திருடிவிடுகிறது. கட்டுரைகளில் தம் பெயரையும் சேர்த்துக்கொண்ட மற்றவர்கள் மோசடி செய்யவில்லை என்றே குழு கூறியது. எனினும், கூட்டாசிரியருக்குரிய பொறுப்பை அவர்கள் போதிய அளவு ஆற்றினார்களா என்ற கேள்வியையும் அது எழுப்பியது.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. பலர் கட்டுரைகளைப் படித்தனர், பாராட்டினர், எண்ணிக்கை கண்டு வியந்தனர். ‘குறிப்பேட்டைக் காட்டுக’ என்ற எளிய சொல்லோ மிகத் தாமதமாகவே எழுந்தது. அச்சொல் அவமதிப்பு அன்று. கணக்கரிடம் பேரேட்டைக் கேட்பது போன்ற முறைமையே.

ஆகவே, ஆய்வு மாணவன் தோல்வியுற்ற சோதனையையும் நாளிட்டு எழுதுதல் வேண்டும். மூல அளவுகளைப் பேணுதல் வேண்டும். வழிகாட்டும் பேராசிரியர் முடிவைக் கேட்பதோடு நில்லாமல், சோதனையையும் நேரில் காணுதல் வேண்டும். நிறுவனங்கள் கட்டுரைகளை எண்ணும் முன்பு குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். அடித்தலும் திருத்தமும் நிறைந்த அந்த ஏடுகளே ஆய்வாளனின் நேர்மைக்குச் சாட்சி. நாம் அவன்மேல் வைக்கும் நம்பிக்கைக்கு முத்திரை.