பந்தின் விலையும் பிள்ளையின் உரிமையும்

 

அஸர் தொழுகை முடிந்ததும் நமது பிள்ளைகள் உதைபந்துடன் மைதானத்திற்கு விரைகின்றனர். அப்பந்தைத் தைத்த கரம் யாருடையது என்று அவர்களிடம் நாம் கேட்டதுண்டா? நியாய வர்த்தகம் எவ்வாறு சிறுவர் உரிமையைக் காக்கின்றது என்பதைக் கற்பிக்க இவ்வொரு கேள்வியே போதுமானது.

பாக்கிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் உள்ள ஸியால்கோட், அல்லாமா இக்பால் 1877 இல் பிறந்த நகரமாகும். கையால் தைக்கப்படும் உதைபந்துகளுக்கு அது உலகப் புகழ் பெற்றது. அத்தகைய பந்தில் 12 ஐங்கோணத் துண்டுகளும் 20 அறுகோணத் துண்டுகளுமாக 32 துண்டுகள் உள்ளன. அவற்றை ஊசியாலும் நூலாலும் இணைக்க வேண்டும். திறமையான தொழிலாளியும் நாளொன்றுக்குச் சில பந்துகளையே தைக்க முடியும். கூலியோ பந்தின் எண்ணிக்கைக்கே வழங்கப்படும்.

1990களில் இத்துண்டுகள் தரகர்கள் மூலம் கிராமத்து வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. தந்தையின் கூலி அடுப்பெரியப் போதாதபோது பிள்ளைகளும் ஊசியை எடுத்தனர். பந்து தைத்த பிள்ளைக்குப் பந்து விளையாட நேரமிருக்கவில்லை. பலருக்குப் பாடசாலையும் எட்டாக்கனியாயிற்று.

ஐக்கிய நாடுகள் சபை 1989 இல் நிறைவேற்றிய சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 28 ஆம் உறுப்புரை கல்வியையும், 31 ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமைகளாக ஏற்கின்றது. 32 ஆம் உறுப்புரை உழைப்புச் சுரண்டலிலிருந்து பாதுகாப்பளிக்கின்றது. இலங்கை 1991 இல் இதனை ஏற்றுக்கொண்டது.

உலகெங்கும் கண்டனம் எழுந்ததையடுத்து 1997 பெப்ரவரியில் ஸியால்கோட் வர்த்தக சம்மேளனமும் சர்வதேச தொழிலாளர் தாபனமும் யுனிசெஃப் நிறுவனமும் அட்லாண்டா நகரில் ஓர் உடன்பாட்டிற்கு வந்தன. தையல் வேலை வீடுகளிலிருந்து கண்காணிக்கத்தக்க நிலையங்களுக்கு மாற்றப்பட்டது. இதனால் பல பிள்ளைகள் ஊசியிலிருந்து விடுபட்டனர். ஆயினும், வீட்டை விட்டு வெளியே செல்ல இயலாத தாய்மார் பலர் வருமானத்தை இழந்தனர். பின்னர் பெண்களுக்கெனத் தனி நிலையங்கள் அமைக்க வேண்டியதாயிற்று.

இங்கேதான் பாடம் உள்ளது. பிள்ளையை வேலையிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது. பெற்றோரின் உழைப்புக்கு உரிய விலையும் கிடைக்க வேண்டும். நியாய வர்த்தகம் இதனையே நோக்கமாகக் கொண்டது. அம்முத்திரை பெற்ற பந்துக்கு வாங்குவோர் ஒரு மேலதிகத் தொகையைச் செலுத்துகின்றனர். அதனை மருத்துவத்திற்கா, பிள்ளைகளின் கல்விக்கா செலவிடுவது என்பதைத் தொழிலாளர்கள் தாம் தெரிவுசெய்த குழுவின் மூலம் தீர்மானிக்கின்றனர்.

இது நமக்குப் புதிய போதனையன்று. அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரை எச்சரித்து அல்குர்ஆனில் 'அல்முதஃப்பிபீன்' என ஓர் அத்தியாயமே உண்டு. கூலியாளிடம் வேலையை முழுமையாகப் பெற்றுக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

ஆசிரியர்களும் பெற்றோரும் இதனை எளிதாகக் கற்பிக்கலாம். ஒரு பந்தைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து அதன் துண்டுகளை எண்ணச் செய்யுங்கள். இரு காகிதத் துண்டுகளை ஊசியால் தைக்கச் செய்யுங்கள். பின்னர், கடைக்காரர், இறக்குமதியாளர், தொழிற்சாலை உரிமையாளர், தரகர், தையல்காரர் என வேடமிட்டு, ஒரு பந்தின் விலையைத் தமக்குள் பங்கிடச் சொல்லுங்கள். கடைசியில் நிற்பவருக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதை அவர்களே கண்டுகொள்வர். அவருடைய பிள்ளை பாடசாலை செல்லுமா என்று அப்போது கேளுங்கள்.

ஆனால், நமது வாழ்க்கை அப்பாடத்தைப் பொய்ப்பிக்கலாகாது. இலங்கையில் வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயது 2021 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. நம் பிள்ளை புத்தகப்பையுடன் புறப்படும் வேளையில், வறிய வீட்டுப் பிள்ளையொன்று நமது சமையலறையிலோ கடையிலோ வேலைக்கு நிற்குமாயின், ஸியால்கோட்டைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதியுண்டு? தையற்காரரிடமும் கூலித் தொழிலாளியிடமும் இறுதி ரூபா வரை பேரம் பேசுவதையும் நம் பிள்ளைகள் கண்டுகொண்டுதான் இருக்கின்றனர்.

உழைப்பவரின் உரிமையைப் பேணி வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.