மூன்று மணிக்குக் கதவடைக்கும் அருவி

சாடிவயல் சோதனைச் சாவடியில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போய் நின்றால் ஒரு புலம்பல் கச்சேரியே கேட்கலாம். காரை உள்ளே விட மாட்டார்களாமே? பையை ஏன் கிளறுகிறார்கள்? சோப்புகூடவா கொண்டுபோகக் கூடாது? மூன்று மணிக்கே அனுப்பிவிட்டால் குளிப்பது எப்போது? கோவைக் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவியைவிட வனத்துறையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

என் கட்சி வேறு. ஐந்து வயதுப் பிள்ளையையும் முழங்கால் வலிக்காரப் பாட்டியையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்து, மலையருவியில் நனைந்து, பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேரக்கூடிய இடங்கள் நம்மிடம் சொற்பம். கொல்லிமலை ஆகாயகங்கைக்குப் போனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். குஷியாக இறங்கிவிட்டு, நனைந்த துணியோடு மூச்சுவாங்க ஏற வேண்டும். பழைய குற்றாலக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோவைக் குற்றாலம் குடும்பத்தோடு போகத் தோதான இடமாக இன்னும் மிச்சமிருப்பதற்குக் காரணமே எல்லோரும் திட்டுகிற அந்தக் கெடுபிடிகள்தான்.

கோவையிலிருந்து மேற்கே சிறுவாணிச் சாலையில் 35 கிலோமீட்டர் சொச்சம். பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் தாண்டியதும் வாழையும் பாக்கும் நெருங்கி வருகின்றன. எதிரே மலைவரிசை வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. போளுவாம்பட்டி வனச்சரகம் இது. சாவடியில் சொந்த வண்டியை நிறுத்திவிட்டு வனத்துறை வேனில் ஏற வேண்டும். அது கொண்டுபோய் விடுகிற இடத்திலிருந்து நடை தொடங்குகிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். மலையேற்றம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனாலும் வேரும் கல்லுமான ஏற்றம்தான். ரப்பர் செருப்பு வேண்டாம். பிடிமானமுள்ள, நனைந்தாலும் பரவாயில்லை என்கிற காலணி போதும்.

பெரியவர்கள் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கடந்துவிடுகிற தூரம். பிள்ளைகளோடு போனால் அதைப்போல இரண்டு மடங்கு ஆகும், ஆகட்டும். அவர்கள் கண்ணில் படுவது நம் கண்ணில் படுவதே இல்லை. வழியில் கிடக்கும் யானைச் சாணம் நமக்குத் தாண்டிப் போக வேண்டிய ஒன்று. அவர்களுக்கு அங்கேதான் பள்ளிக்கூடம். யானை ஒரு நாளைக்கு 150 கிலோ அளவுக்குத் தின்கிறது. அதில் பாதியைக்கூடச் செரிப்பதில்லை. குச்சியால் கிளறினால் மூங்கில் நாரும் முழு விதையும் அப்படியே தெரியும். அந்த விதைகளில் சில அங்கேயே முளைத்தும் விடும். காடு எப்படி நடக்கிறது என்பதை இதைவிடச் சுலபமாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிக்கொடுக்காது. தலையைத் தூக்கினால் கிளைக்குக் கிளை தாவும் மலையணில், நீளமான வாலோடு. குரங்குகளும் உண்டு. அவை நம் கையைத்தான் பார்க்கும், முகத்தை அல்ல. பிஸ்கட் பொட்டலத்தைப் பையைவிட்டு எடுக்காமல் இருப்பது உத்தமம்.

பாதையோரம் வேலை பார்க்கிறவர்களில் பலர் சுற்றுவட்டாரப் பதிகளைச் சேர்ந்த பழங்குடி மக்கள். இருளர்கள் தங்கள் குடியிருப்பைப் பதி என்றுதான் சொல்கிறார்கள்: சிங்கம்பதி, கல்கொத்திப்பதி. “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று காலை உதைத்துக்கொண்டு நிற்கும் சிறுமியிடம், “இதா வந்தாச்சு அம்மிணி, சத்தம் கேக்குது பாரு” என்பார் அங்கே நிற்கும் பெரியவர். உண்மையில் பாதி தூரம்தான் ஆகியிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சிறுமி காதைத் தீட்டிக்கொண்டு நடப்பாள், அலுப்பு மறந்துபோகும்.

அருவி ஒரே பாய்ச்சலாக விழுவதில்லை. பாறைகளில் தட்டுத் தட்டாக இறங்கி வருகிறது. அதனால்தான் அதன் கீழே நிற்க முடிகிறது. தண்ணீர் முதலில் காலை வெட்டும்; பிள்ளைகள் அலறுவார்கள், இரண்டு நிமிடத்தில் வெளியே வர மறுப்பார்கள். கைப்பிடிக் கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்பது, பாசி படிந்த பாறையில் ஏறிப் படம் எடுக்காமல் இருப்பது, இந்த இரண்டையும் பெரியவர்களுக்குச் சொல்வதுதான் கஷ்டம். சிறுவர்கள் சொன்னால் கேட்கிறார்கள்.

ஏன் திடீரென்று எல்லோரையும் வெளியேறச் சொல்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே முகட்டில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். சரிவு செங்குத்து, அந்தத் தண்ணீர் அருவிக்கு வந்து சேர அதிக நேரம் எடுக்காது. தெளிவாக ஓடிய நீர் கலங்கினாலோ, இலையும் சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலோ, சத்தம் கனத்தாலோ யாரும் சொல்வதற்குக் காத்திருக்கக் கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிட வேண்டும். விசில் ஊதுகிற வனக்காவலர் நம் விடுமுறையைக் கெடுக்க வந்தவர் அல்ல. தென்மேற்குப் பருவமழையின்போது அருவியை நாள்கணக்கில் மூடிவைப்பதும் இதனால்தான். மூன்று மணிக் கணக்கும் இதுபோலத்தான்: மாலையில் தண்ணீருக்கு இறங்குகிற யானைகளுக்கு அந்தப் பாதை வேண்டும். நமக்குப் பகல், அவற்றுக்கு மற்ற நேரம். நியாயமான பாகப்பிரிவினை.

இதைச் சிறுவாணி அருவி என்று சொல்கிறவர்கள் உண்டு. கோவைக்காரர்கள் பெருமையோடு குடிக்கிற சிறுவாணித் தண்ணீர் இது இல்லை. சிறுவாணி ஆறு முகட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில் ஓடுகிறது. அங்கே அணையில் தேங்கிய நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத்தான் இந்தப் பக்கம் வருகிறது. முகட்டின் மேற்கே விழும் மழை சிறுவாணியாகிப் பவானியில் கலந்து, பவானி கூடுதுறையில் காவிரியை அடையும். நாலடி கிழக்கே தள்ளி விழுந்த மழை இந்த அருவிப் பக்கம் இறங்கி, நொய்யலாகி, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்கிற ஊரருகே அதே காவிரியில் சேரும். ஒரே மேகத்தின் தண்ணீர், இரண்டு வழி.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தொடங்கினால் மீதியையும் சொல்லியாக வேண்டும். சித்திரைச்சாவடி அணைக்கட்டில் வாய்க்காலாகப் பிரிந்து கோவையின் குளங்களை நிரப்புவது இந்த நொய்யல். நகரத்துச் சாக்கடையை ஏற்றுக்கொள்வதும் இதுவே. திருப்பூரில் சாயக்கழிவு கலந்து, 1992இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாத நஞ்சுக் குட்டையாகிப் போனது. விவசாயிகள் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் போராடினார்கள். சாய ஆலைகளை மூடச் சொல்லி 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அருவியில் நின்றபடி ஷாம்பு பாக்கெட்டைக் கிழிக்கக் கூடாதா என்று கேட்கிறவரிடம் இவ்வளவையும் சொல்ல முடியாதுதான். பையிலேயே அதைப் பிடுங்கி வைத்துக்கொள்வது சுலபம்.

எப்போது போகலாம்? பங்குனி, சித்திரையில் போனால் பாறையைத்தான் பார்க்கலாம். தண்ணீர் நூலாக ஒழுகும். ஆடிச் சாரலில் அருவி அழகு, ஆனால் கதவு மூடியிருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு மழையும் தணிந்த மார்கழி, தை என் தேர்வு. மேலே உள்ள காட்டு மண் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுவதால் அப்போதும் நீர் வரத்து இருக்கும், மிரட்டாது. அட்டைத் தொல்லையும் அதற்குள் குறைந்துவிடும். மழைக்காலத்தில் போகிறவர்கள் ஒரு பொட்டலம் உப்பு வைத்துக்கொள்ளலாம். கடித்த அட்டையைப் பிய்த்து இழுப்பதைவிட அது மேல்.

திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லை என்றாலும் நான் இருப்பதாகவே வைத்துக்கொள்வேன். செவ்வாயோ புதனோ அரைநாள் லீவு போட முடிந்தால் பாதை உங்களுடையது. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், சாப்பாட்டுக்குப் புளிசாதம், ஆளுக்கொரு மாற்றுத்துணி, துண்டு. சாப்பாட்டை வெளியே வந்து பிரியுங்கள். காந்திபுரம், உக்கடம் பக்கமிருந்து சாடிவயலுக்குப் பேருந்து இருக்கிறது. திரும்பும் வண்டியின் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் அருவி திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிடுவது நல்லது. விசாரித்தும் போனபின் மூடியிருந்தால் வனக்காவலரோடு மல்லுக்கு நிற்காமல் வண்டியைப் பேரூருக்குத் திருப்புங்கள். பட்டீசுவரர் கோயில் கனகசபையில் நாயக்கர் காலத்துச் சிற்பங்கள், கல்லில் செதுக்கிய சங்கிலி எல்லாம் இருக்கின்றன. மதியத்தில் நடை சாத்திவிடுவார்கள், மாலை நான்கு மணிவாக்கில் போய்ச் சேருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.