கேட்டில் இடித்தது, படிவத்தில் பைக் ஆனது

"சார், எப்படி இடிச்சதுன்னு கேட்டா, பைக்காரன் ஒருத்தன் குறுக்க வந்து ஒரசிட்டு நிக்காமப் போயிட்டான்னு சொல்லிடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

சர்வீஸ் சென்டர் கவுன்டரில் இதைச் சொல்கிறவர் கெட்டவர் இல்லை. வாடிக்கையாளருக்கு உதவுவதாகவே நினைக்கிறார். எதிரே நிற்பவர் தன் வீட்டு கேட் தூணில் தானே பம்பரைத் தேய்த்துவிட்டு, 'நம்ம தப்புக்குப் பணம் தருவாங்களா' என்ற தயக்கத்தோடு வந்தவர். அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் பைக்காரன் பிறக்கிறான். கிளெய்ம் படிவத்தில் விபத்து எப்படி நடந்தது என்று எழுதவேண்டிய இடம் காலியாகவே இருக்கும். கீழே கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பொய்க்கு அவசியமே கிடையாது. 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்று நாம் சொல்லும் பாலிசியில் 'ஓன் டேமேஜ்' பகுதி இருப்பதே நம் வண்டிக்கு நேரும் இத்தகைய சேதத்துக்காகத்தான். ஓட்டியவர் குடித்திருக்கக் கூடாது, லைசென்ஸ் செல்லுபடியாக வேண்டும். மற்றபடி சாதாரணக் கவனக்குறைவு அதில் அடக்கம். ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் உரசியது என்று உள்ளதை எழுதினாலே போதும். பைக் உரசினால் கீறல் விழும் இடமும் தினுசும் வேறு. தூணில் தேய்த்த கீறலுக்குள் வெள்ளைச் சுண்ணாம்போ சிமென்ட் துகளோ அப்பியிருக்கும். பல வருடம் வண்டி பார்த்த இன்ஷூரன்ஸ் சர்வேயருக்கு இதெல்லாம் தெரியாதா?

சரி, உண்மையையே எழுதினாலும் சின்னக் கீறலுக்கு கிளெய்ம் போடுவது லாபமா? பெரும்பாலும் இல்லை.

ஒரு கணக்குக்கு, பம்பர் மாற்ற 5,000 ரூபாய், பெயிண்டிங் 3,000 என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் பாதி. அதில் 2,500 போயிற்று. பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்து அதிலும் பாதியைக் கழிப்பார்கள், 375 போயிற்று. 1,500 சிசி வரையுள்ள கார் என்றால் ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 1,000 ரூபாய் உரிமையாளர் தலையில். கைக்கு வருவது 4,125.

இதற்குக் கொடுக்கும் விலைதான் நோ கிளெய்ம் போனஸ். ஐந்து வருடம் கிளெய்ம் போடாதவருக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி. ஒரே கிளெய்மில் அது பூஜ்யத்துக்கு வந்து, பிறகு 20, 25, 35, 45 என்று படிப்படியாக ஏறவேண்டும். தள்ளுபடிக்கு முந்தைய பிரீமியம் 12,000 என்றால், மறுபடி 50-ஐ எட்டுவதற்குள் கூடுதலாகக் கட்டுவது 15,000. ஜிஎஸ்டி தனி. வண்டி பழசாகப் பழசாக பிரீமியம் இறங்கும், எனவே நிஜத்தில் தொகை சற்றுக் குறையலாம். 4,125 அளவுக்கு இறங்காது.

"வருஷா வருஷம் பிரீமியம் கட்டுறது எதுக்கு?" என்பவர்கள் உண்டு. புது வண்டி, முதல் வருடம், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி என்றால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

எனக்குக் கவலை கணக்கைப் பற்றி அல்ல. காலிப் படிவத்தில் போடும் அந்தக் கையெழுத்தைப் பற்றி. பம்பரோடு கதை நிற்பதில்லை. "கிளெய்ம்தான் போடறோமே, பின் கதவு டென்டையும் சேர்த்துடலாம் சார்" என்பது அடுத்த உபதேசம். பம்பர் போன வாரம், கதவு போன தீபாவளி. முறைப்படி ஒவ்வொரு சம்பவமும் தனித்தனி கிளெய்ம். இரண்டும் ஒரே இடியில் விழுந்ததாகக் காட்ட, பைக்காரன் முன்னால் உரசிவிட்டுச் சுற்றி வந்து பின்னாலும் மோத வேண்டியிருக்கிறது.

ரினியூவல் சமயத்தில் இன்னொரு பொய். கிளெய்மால் போனஸ் போனதும் வேறு கம்பெனிக்கு மாறி, 'கிளெய்ம் எதுவும் இல்லை' என்று டிக் அடித்து 50 சதவீதம் வாங்கிவிடுவது. போன் செய்யும் ஏஜென்ட் "யாரும் பாக்க மாட்டாங்க சார்" என்பார். பழைய கம்பெனியிடம் விசாரிக்க ஏற்பாடு உண்டு என்பதை அவர் சொல்வதில்லை. அந்த உறுதிமொழி தவறென்று தெரிந்தால், ஓன் டேமேஜ் பகுதியின் பலன்கள் அத்தனையும் ரத்தாகும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. பொடி எழுத்து, யாரும் படிப்பதில்லை. இந்த விசாரணை மும்முரமாக நடப்பது பெரிய தொகை கேட்கும்போதுதான்: டிசம்பர் மழையில் கார் மூழ்கினால், நெடுஞ்சாலையில் முன்பக்கம் முழுக்க நொறுங்கினால். அப்போது முன்னால் வந்து நிற்கும் சர்வேயரிடம் 'அது ஏஜென்ட் அடித்த டிக்' என்று சொல்லிப் பயனில்லை. உறுதிமொழி கொடுத்தவர் பெயர் வண்டி உரிமையாளருடையது.