மூன்று புலிக்கு எத்தனை ஆடு?

"போ! உன்னோட ஆட மாட்டேன். எப்பப் பார்த்தாலும் நீயே சென்டினலை எடுத்துக்கறே!"

கேளம்பாக்கத்தில் உறவினர் வீட்டுக்குப் போனபோது, வாசலிலேயே இந்தச் சத்தம்தான் வரவேற்றது. அண்ணனுக்கு வயது 13, தம்பிக்கு 9. சிங்கப்பூர் சித்தப்பா கொடுத்த பழைய, 'பிளேஸ்டேஷன் வீட்டா' ஆளுக்கு ஒன்று. அதில், 'அல்டிமேட் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3' என்ற சூப்பர் ஹீரோ சண்டை ஆட்டம்.

தம்பியின் கோபத்துக்குக் காரணம் உண்டு, குட்டீஸ். சென்டினல் என்பது எக்ஸ்-மென் கதைகளில் வரும் ராட்சத ரோபோ. இந்த ஆட்டத்தின் முந்தைய வடிவம், 2011 பிப்ரவரியில் வந்தபோது, அதற்கு 13 லட்சம் 'லைஃப்' புள்ளிகள்! லேசில் விழாது. எல்லாரும் அதையே எடுத்தால், மற்ற வீரர்கள் எதற்கு? அடுத்த மாதமே கேப்காம் நிறுவனம் அதை 9 லட்சத்து 5 ஆயிரமாகக் குறைத்துவிட்டது.

பீனிக்ஸ் என்ற வீராங்கனைக்கோ 4 லட்சத்து 20 ஆயிரம்தான். நாலு அடி பலமாக விழுந்தால் போச்சு! ஆனால், சக்தியை ஐந்து படி சேர்த்து வைத்திருந்தால், விழுந்த பிறகும், 'டார்க் பீனிக்ஸ்' ஆக எழுந்து பந்தாடிவிடுவாள். எல்லாருக்கும் ஒரே பலம் கொடுப்பது சுலபம்தான். அப்புறம் யாரை எடுத்தால் என்ன? சப்பென்று ஆகிவிடுமே!

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி, "இதுக்கா சண்டை? அந்த சாக்பீஸை எடுடா" என்றார்.

தரையில் ஒரு கூம்பு, குறுக்கே கோடுகள். மொத்தம் 23 புள்ளிகள். ஆடுபுலி ஆட்டம்!

புலி மூன்று, ஆடு பதினைந்து. பக்கத்தில் இருக்கும் ஆட்டைத் தாண்டி, அதே கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால், புலி குதித்து வெட்டும். ஆட்டால் யாரையும் வெட்ட முடியாது. அதுமட்டுமா? 15 ஆடுகளையும் ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கும் வரை எந்த ஆடும் நகரக் கூடாது. படு மோசம் இல்லையா? ஆனால், ஒரே கோட்டில் இரண்டு ஆடுகள் அடுத்தடுத்து நின்றால், புலியால் தாண்ட முடியாது. அப்படியே நெருக்கி, மூன்று புலிகளையும் நகர விடாமல் அடைத்துவிட்டால் ஆடுகளுக்கே வெற்றி.

நேபாளத்தில் இதே போன்ற, 'பாக் சால்' ஆட்டம் உண்டு. அங்கே 25 புள்ளிகள், 4 புலி, 20 ஆடு. கணக்கைப் பாருங்கள்... இங்கும் அங்கும் ஒரு புலிக்கு ஐந்து ஆடு! அந்த ஆட்டத்தைக் கணினியில் அலசிய லிம் யூ ஜின், ஜூர்க் நீவர்கெல்ட் என்ற ஆய்வாளர்கள், இரு பக்கமும் தவறே செய்யாமல் ஆடினால் யாருக்கும் வெற்றியில்லை என்று, 2009ல் வெளியான கட்டுரையில் காட்டினர். கணினி இல்லாத காலத்திலேயே யாரோ எவ்வளவு சரியாக எடை போட்டிருக்கின்றனர்!

தம்பி, 15 புளியங்கொட்டைகளை எடுத்துக்கொண்டான். முதல் ஆட்டத்தில் மளமளவென்று ஆறு ஆடுகள் காலி. "ஒத்தையா விடாதேடா, ஜோடியா வை" என்றார் பாட்டி. மூன்றாவது ஆட்டத்தில், அண்ணனின் கடைசிப் புலியும் மூலையில் மாட்டிக்கொண்டது.

"அடுத்த ஆட்டத்துக்கு எனக்கு ஆடு!" என்றான் அண்ணன்.

"சென்டினலைக் குடு, தர்றேன்!" என்றான் தம்பி.